திரையும் கணக்கேடும்



சென்ற வாரம் பழைய மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். மகனுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. "ஐயா, எச்.எம்.ஐ. படிக்கணுங்கிறான், ஸ்காடாவும் படிக்கணுங்கிறான். ரெண்டுக்கும் தனித்தனியா பணம் கேக்கிறாங்க. சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கட்டணும். எதைப் படிக்கச் சொல்றது?" என்று கேட்டார். பல வீடுகளில் எழும் கேள்வி இது. ஆகவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோட்டத்தில் கங்காணி தன் கும்பலை மட்டும் பார்ப்பார். ஆபீஸ் கிராணியோ எல்லாக் கும்பல்களின் கணக்கையும் ஏட்டில் ஏற்றுவார். எச்.எம்.ஐ. என்பது கங்காணி, ஸ்காடா என்பது ஆபீஸ். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆலையில் குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரை எடுத்துக்கொள்வோம். சுமார் 3 பார் அழுத்தத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி கொடுத்து அவிக்கிறார்கள். வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கட்டளையிடுவது பி.எல்.சி. என்னும் சிறு கணினி. அதன் பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டி, விரலால் தொட்டால் கட்டளையை வாங்கிக்கொள்ளும் திரையே எச்.எம்.ஐ. திரை அணைந்துபோனாலும் பி.எல்.சி. பொதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை ஆபத்து நேரத்தில் பதற மாட்டான்.

கொதிகலன், ஸ்டெரிலைசர், பிழியும் இயந்திரம், எண்ணெய்த் தொட்டி ஆகிய எல்லாவற்றின் விவரங்களையும் ஓர் அறைக்குக் கொண்டுவந்து, எச்சரிக்கை மணி அடித்து, ஆண்டுக் கணக்கில் சேர்த்து வைப்பது ஸ்காடா. திரை அதற்கும் உண்டு. ஆனால் திரையோடு கணக்கேடும் உண்டு.

கடையில் விற்கும் மென்பொருள்களும் இப்படித்தான் பிரிகின்றன. ராக்வெல் நிறுவனத்தின் ஃபேக்டரிடாக் வியூவில் 'மெஷின் எடிஷன்' இயந்திரத்தருகே உள்ள திரைக்கு. 'சைட் எடிஷன்' ஆலை முழுவதற்கும். சீமென்ஸின் வின்சிசியிலும் சிறு திரைக்கு 'பேசிக்', பெரிய அமைப்புக்கு 'புரொஃபெஷனல்' என்று படிகள் உண்டு. பல மென்பொருள்களில் உரிமத்தின் விலை 'டேக்' எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓர் அழுத்த அளவு ஒரு டேக். ஒரு மோட்டார் ஓடுகிறதா என்பது இன்னொரு டேக். 2010இல் வந்த இக்னிஷனோ, டேக்குக்கு வரம்பு வைக்காமல் சர்வருக்கு இவ்வளவு என்று விற்றுப் பெயர் வாங்கியது.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, பையனின் ஆலையில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று முதலில் கேட்டு வரச் சொல்லுங்கள். பி.எல்.சி.யும் எச்.எம்.ஐ.யும் கைவந்த பிறகு ஸ்காடாவுக்குப் போகட்டும். அதுவரை சீட்டுப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும். இக்னிஷனை இலவசமாக இறக்கிப் பழகலாம். இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும், மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம். அதற்கான பாடங்களும் இணையத்தில் இலவசம்."

வாசகர்களே, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் ஆவி அழுத்தம் இறங்கினால், "இரவு ஷிப்டுக்காரன் தூங்கிவிட்டான்" என்று காலையில் பழி வரும். முன்பெல்லாம் ஏழைச் சொல் அம்பலம் ஏறாது. ஸ்காடா முறையாக அமைந்த ஆலையிலோ, அழுத்தம் எப்போது இறங்கியது, மணி எப்போது அடித்தது, யார் எப்போது கவனித்தார் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். நேர்மையாக வேலை செய்தவனுக்கு அதுவே சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சி இரு பக்கமும் பேசும். உங்கள் பிள்ளை தன் கடவுச்சொல்லை நண்பனுக்குக் கொடுத்துவிட்டால், நண்பன் செய்த தவறும் இவன் பெயரில்தான் ஏறும். செக்ரோலில் நம் பெயருக்கு நேரே வேறொருவர் கைநாட்டு வைக்க விடுவோமா? இதுவும் அப்படித்தான். ஷிப்டு முடிந்ததும் தன் பெயரை மூடிவிட்டு வரும்படி இன்றிரவே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.