பலர் கூடி வழங்கிய நீதி

நீதி வழங்கும் உரிமை சட்டம் கற்ற சிலருக்கு மட்டும் உரியதா, குடிமக்கள் அனைவருக்கும் உரியதா? பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரம் இவ்வினாவிற்குத் துணிவான விடையொன்றைக் கண்டது.

அங்குத் தீர்ப்புரைக்கத் தொழில்முறை நீதிபதி எவரும் இல்லை. முப்பது வயது நிறைந்த ஆண் குடிமக்களுள் 6000 பேர் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு நடுவர்களாக உறுதிமொழி ஏற்றனர். தனியார் வழக்கிற்கு 201 அல்லது 401 பேரும், பொது வழக்கிற்கு 501 பேரும் அதற்கு மேற்பட்டோரும் அமர்ந்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில், யார் எந்த வழக்கைக் கேட்பார் என்பதும் விசாரணை நாளன்று காலையில்தான் குலுக்கலால் முடிவாயிற்று. கையூட்டு அளிக்க எண்ணுபவன் யாரைத் தேடிச் செல்வான்? வறியோரும் நடுவராக அமர்வதற்கு ஏதுவாக நாளூதியம் வழங்கப்பட்டது. வாக்குகள் மறைவாக அளிக்கப்பட்டன.

பலருடைய அறிவு ஒன்றுசேரும்போது சிறந்த முடிவு பிறக்கக்கூடும் என்று அரிஸ்டாட்டில் கருதினார். பலரும் கொணர்ந்த உணவால் அமையும் விருந்து, ஒருவர் மட்டும் அளிக்கும் விருந்தினும் சிறக்கலாம் என்பது அவர் காட்டும் உவமை.

ஆயினும், கி.மு. 399இல் இத்தகைய மன்றமே எழுபது வயதுச் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. முப்பது வாக்குகள் இடம்மாறியிருந்தால் தாம் விடுதலை பெற்றிருக்கக்கூடும் என அவர் மன்றத்திலேயே கூறியதாகப் பிளேட்டோ எழுதுகிறார்.

இதனைக் கொண்டு, எளிய மக்களுக்கு நீதி வழங்கும் தகுதியில்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. பெருங்குறை மக்களிடத்தில் இல்லை, முறையில்தான் இருந்தது. வழக்கு ஒரே நாளில் முடிந்தது. நடுவர்கள் தமக்குள் கலந்து ஆராயாமலே வாக்களித்தனர். மேல்முறையீட்டிற்கும் வழியில்லை. பலர் கூடினர், ஆனால், கூடிச் சிந்திக்கவில்லை. பெண்களும் அடிமைகளும் அயலகக் குடிகளும் அந்த அவையில் இடம்பெறவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மக்கள் மன்றத்தின் தீர்ப்பால் தம் ஆசிரியரை இழந்தவர் பிளேட்டோ. அவரே தம் முதுமையில் இயற்றிய ‘சட்டங்கள்’ என்னும் நூலில், நீதி வழங்குவதில் பங்கு பெறாதவர் தம்மை நாட்டின் உறுப்பினராகவே கருதமாட்டார் என்கிறார். மக்களின் பங்கை ஏற்ற அவர், தனியார் வழக்குகளில் மேல்முறையீட்டிற்கும் அந்நூலில் இடமளித்தார். பிழை நேர்ந்தமைக்காக மக்களை விலக்குவது தீர்வாகாது. பிழையைத் திருத்திக்கொள்ளும் வாயிலைத் திறந்து வைப்பதே அறிவுடைமை.