புள்ளிகளுக்குள் புதைந்த எச்சரிக்கை

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் விண்வெளியில் ஆய்வுகளில் மூழ்கியிருக்க, தரையில் போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசா அதிகாரிகளுக்கு விளக்கினார்கள். விளக்கியது பவர்பாயிண்டில்.

அந்த ஸ்லைடுகளில் ஒன்று பின்னாளில் பேர்போனது. பழைய சோதனைகளைப் பார்த்தால் அஞ்ச வேண்டியதில்லை என்ற தொனியில் தலைப்பு. அதன் கீழே புள்ளிகள், புள்ளிக்குள் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் அடியில், உள்தள்ளிய சிறிய எழுத்தில் இரண்டு எண்கள்: மோதிய துண்டின் பருமன் 1,920 கன அங்குலம், சோதனைகளில் பயன்பட்டது 3. வித்தியாசம் 640 மடங்கு! அந்தச் சோதனைகளை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான செய்தி. அது தலைப்புக்கு ஏறவே இல்லை.

பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, கலம் டெக்சாஸ் வானில் சிதறியது.

தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரிவரியாக அலசினார். விசாரணை வாரியமும் ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் அதை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் நாசாவில் ஸ்லைடு உட்கார்ந்திருப்பதைக் கண்டித்தது.

பழி முழுவதையும் மென்பொருள்மீது சுமத்துவது அநியாயம். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதையே மேலிடம் தட்டிக்கழித்தது. ஆனால், கருவி அந்த மெத்தனத்துக்கு வசதி செய்து கொடுத்தது. அந்த இரண்டு எண்களையும் வாக்கியமாக எழுதியிருந்தால், ‘ஆகவே’ என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தை எழுதாமல் தப்பியிருக்க முடியாது. புள்ளியிட்ட வரியிலோ எண்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். முடிவுக்கு வரும் வேலை பார்ப்பவர் தலையில் விழுகிறது. அவரோ தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்.

1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பிறந்த பவர்பாயிண்ட், வணிகக் கூட்டங்களை மனத்தில் வைத்து உருவானது. கேட்பவரை இசையவைக்கும் கருவி. சந்தேகப்படவைப்பது அதன் வேலை அல்ல. அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2004இலேயே தன் உயர்மட்டக் கூட்டங்களிலிருந்து அதை விலக்கி, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புகளைக் கேட்டார். விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது புரிந்தது வேடிக்கைதான்.

இப்போது நூறு பக்க அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, ‘ஐந்து பாயிண்டில் சொல்’ என்று கேட்கும் பழக்கம் அலுவலகங்களில் பரவுகிறது. எந்த வரியை அடியில் தள்ளுவது என்று ஸ்லைடில் ஒரு மனிதர் தீர்மானித்தார். அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம். இங்கே விடுபட்ட வரி விடுபட்டதாகவே தெரியாது. அணை, பாலம், மருந்து என உயிர் சம்பந்தப்பட்ட கோப்புகளிலாவது, முடிவெடுப்பவர் மூல அறிக்கையைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அரசுத் துறைகள் விதி வகுக்கலாம். அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.