குழப்படியா, களைப்பா?

சனிக்கிழமைகளில் எனக்குப் பின்னேரம்தான் குசினி வேலை. அதனால் பத்து வருசத்துக்கு முதல், பாரிஸ் புறநகரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு ரீச்சர் வராத நாட்களில் நான் போய் நிற்பேன். கம்பஸை இடையில் விட்டிட்டு ஓடி வந்தவன்தான். ஆனாலும் 'படிச்ச ஆள்' என்று பிடித்து விட்டிருந்தார்கள்.

ஒருநாள் ஐந்து வயசுப் பெடியன் ஒருவன் நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். கொப்பியை மூடு என்றேன். அவ்வளவுதான். கொப்பியைக் கிழித்து, கதிரையைத் தள்ளி, நிலத்தில் உருண்டு கத்தினான். நான் எங்கட ஊர் வாத்திமார் செய்ததைத்தான் செய்தேன். அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்து, கையில் பிடித்து இழுத்து வெளியே நிற்பாட்டினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த கிழமை அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

பின்னர் என் மகளின் மத்தெர்னலில் ஒரு பிள்ளை இப்படியே கத்தியதைக் கண்டேன். ரீச்சர் பக்கத்தில் முழங்காலில் இருந்து, "கோபம் வந்திட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தா. உதவியாளர் மற்றப் பிள்ளைகளை அங்கால கூட்டிப்போனா. அடங்கிய பிறகுதான் கதை. எறிந்த பென்சில்களைப் பிள்ளையே பொறுக்கி வைத்தது.

"கண்டிப்பில்லாட்டில் தலையில ஏறி இருப்பினம்" என்று சிலர் சொல்லுவினம். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியை மூடத்தான் வேண்டும். ஆனால், "இன்னும் ஐந்து நிமிசம்" என்று முதலே சொல்லியிருக்கலாம். கிழமை முழுக்கப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போய்க் களைத்த பிள்ளை, காலையில் சாப்பிட்டதா என்று கேட்டிருக்கலாம். கோபத்தைத் தமிழில் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை கத்தாமல் என்ன செய்யும்?

பெற்றோர்கூடப் பிள்ளையிடம் உடலாலோ மனதாலோ வன்முறை காட்டக்கூடாது என்று 2019 யூலையில் இங்கே சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மட்டும் போதாது. கைக்குப் பதிலாக என்ன செய்வது என்று தெரிய வேண்டும். எங்கட தொண்டர் ஆசிரியர்கள் மனம் நிறைந்து வருகிறார்கள். ஆனால் இதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மத்தெர்னல்களில் வேலை செய்கிற எங்கட பெண்கள் இருக்கிறார்கள். வருசத்தில் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்போம். பாலர் வகுப்புக்கு இரண்டு பேரைப் போடுவோம்.

போன மாதம் அந்தப் பெடியன் தாயோடு எங்கட கடைக்குச் சாப்பிட வந்தான். தாய் தமிழில் கேட்க, அவன் பிரெஞ்சில் பதில் சொன்னான். அதுக்கு நான் மட்டும் காரணம் இல்லை. ஆனால் எனக்கும் பங்கு இருக்கு.