உம்மாவின் இழைமணிகள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனைக் கடல் எங்கள் தறியை அள்ளிப்போனது. உம்மா பிழைத்தார். இன்றைக்கும் இரவில் அலை இரைந்தால் எழும்பி, வாசல் நிலையைப் பிடித்தபடி நிற்கிறார். மணிக்கட்டைத் தொட்டால் நாடி துள்ளுகிறது. 'மனசுக் கவலைதானே, சரியாப் போகும்' என்கிறார்கள். இல்லை, அது உடம்பையும் தின்கிறது. பயம் ஓயாதபோது அட்ரினலின் இதயக் கலங்களை விடாமல் தட்டுகிறது. கல்சியம் மிதமிஞ்சி இழைமணிகளுக்குள் புகுகிறது. இதயத்துக்குச் சக்தி நெய்து கொடுப்பவை அவைதாம். இதயத் தசைக் கலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் அவற்றுக்கே. அவற்றின் மென்சவ்வு பழுதானால் சக்தி குறையும், கலம் சாகும்.

நம் கரையோரக் கிளினிக்குகளில் பிறஷர் பார்க்கும்போதே தூக்கத்தையும் பயத்தையும் விசாரிக்க வேண்டும். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இன்றிரவே நீங்களும் கேளுங்கள்.