ரத்தம் விற்பனைச் சரக்கா?

பணத்திற்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை இரண்டு வருஷங்களுக்குள் அடியோடு ஒழிக்க வேண்டுமென்று 1996 ஜனவரி 4ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி முதல் இத்தேசத்தில் ரத்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தீர்ப்பின் நோக்கம் நிறைவேறிற்றா? பாதிதான் நிறைவேறிற்று என்பதே நமது அபிப்பிராயம்.

அதற்கு முன் பசிக் கொடுமையால் வாடிய ஏழைகள் தங்கள் ரத்தத்தையே விற்று வயிறு வளர்த்தார்கள். விற்றவன் உடல் நலிந்தான். பெற்றவனோ பல சமயங்களில் உயிரோடு நோயையும் சேர்த்துப் பெற்றான். இந்த அநீதி சட்டத்தில் ஒழிந்தது பெரிய நன்மை. ஆனால் அதன் இடத்தில் வேறொரு நிர்ப்பந்தம் புகுந்திருக்கிறது. “ரத்தம் வேண்டுமானால் பதிலுக்கு ஆளைக் கொண்டு வா” என்று பல ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் உறவினருக்குச் சொல்லப்படுகிறது. பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியுடன் பட்டணத்திற்கு வந்த குடியானவன் யாரைத் தேடுவான்? தரகன்தான் அவனுக்கு அகப்படுவான். கூலிக்கு வந்தவன் ‘உறவினன்’ என்று கையெழுத்திடுவான். வாசலில் விரட்டப்பட்ட வியாபாரம் கொல்லைப்புறமாக நுழைவது இப்படித்தான்.

உறவினரே முன்வந்தாலும் பயன் நிச்சயமில்லை. ரத்தத்தில் பிரிவுகள் உண்டென்பதை 1901ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். தம்பியின் ரத்தம் அண்ணனுக்குப் பொருந்தாமல் போகலாம்; முன்பின் அறியாதவனுடையது பொருந்தலாம். இந்தப் பிரிவுகள் ஜாதியையும் அறியா, மதத்தையும் அறியா.

ரத்தம் கொடுத்தால் பலம் குன்றிவிடும் என்ற பயம் ஜனங்களிடையே இன்னும் இருக்கிறது. அது வீண் பயம். வயது வந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி லிட்டரே. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். நாம் கொடுக்காவிட்டாலும் அது அழியும். எலும்பு மஜ்ஜையில் புதியது பிறக்கும். 18 முதல் 65 வயது வரையுள்ள ஆரோக்கியமான ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் தாராளமாக ரத்தம் கொடுக்கலாம்.

இங்கே தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவர்களின் பிறந்த நாளில் முகாம் கூட்டி, நூற்றுக்கணக்கில் ரத்தம் சேர்ப்பது போற்றத் தக்கதே. ஆனால் சேமித்த சிவப்பணுக்கள் 35 அல்லது 42 நாட்களுக்கு மேல் உதவா. தட்டணுக்களோ ஐந்து நாளில் வீணாகும். ஒரே நாளில் குவித்துவிட்டு, கல்லூரிகள் மூடிய கோடை மாதங்களில் ஆஸ்பத்திரிகளைத் தவிக்க விடுவது தொண்டாகாது. ஊர்தோறும் பெயர்ப் பட்டியல் தயாரித்து, தொண்டர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, முறை வைத்து அனுப்புவதே காரிய சித்திக்கு வழி.

சர்க்காருக்கும் கடமை உண்டு. உறவினரைக் கட்டாயப்படுத்தும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழிப்பதென்று 2002ல் வகுத்த தேசிய ரத்தக் கொள்கை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. ரத்தத்திற்கு விலையில்லை, பரிசோதனை முதலிய செலவுக்கான கட்டணமே வாங்கலாம் என்று 2023 டிசம்பரில் வெளியான உத்தரவைத் தனியார் ஆஸ்பத்திரிகள் அனுசரிக்கின்றனவா என்று அதிகாரிகள் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

ரத்தத்தை யந்திரசாலையில் உற்பத்தி செய்ய முடியாது. மனிதன் மனிதனுக்குக் கொடுத்தாலன்றி வேறு கதியில்லை. தேசத்திற்காக ரத்தம் சிந்தத் தயார் என்று மேடையில் முழங்குவோர், முதலில் ஆஸ்பத்திரிக்குச் சென்று அதைக் கொடுத்துவிட்டு வரட்டும்.