அனிமே தமிழில் பேசுகிறது: கெடா பிள்ளைகளுக்கு எப்போது கேட்கும்?

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசல்’ 2025 ஆகஸ்டில் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானிய ஒலி, திரையின் அடியில் வசன வரிகள், 155 நிமிடம். பாடாங் மேஹா, பாடாங் செராய் பக்கத்திலிருந்து போகும் குடும்பத்திற்கு அது சுங்கை பட்டாணி வரை அல்லது செபெராங் ஜெயா வரை ஒரு பயணம். செப்டம்பர் 12-ஆம் தேதி அதே படம் இந்தியாவில் வெளியானது. அங்கே ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. சென்னையில் டான்ஜிரோ தமிழ் பேசினான்.

அன்று முதல் இங்குள்ள இளம் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். தமிழில் படம் தயாராக இருக்கிறதே, அதை அப்படியே கொண்டு வந்து இங்கே போட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் படத்தை மொழி பார்த்து விற்பதில்லை, நிலப்பரப்பு பார்த்துதான் விற்கின்றன. ஒரு அனிமே படத்திற்குப் பின்னால் பதிப்பகம், படநிறுவனம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம் எனப் பலர் பங்கு போட்ட தயாரிப்புக் குழு இருக்கும். அந்தக் குழு உரிமையை நாடு நாடாகவோ வட்டாரம் வட்டாரமாகவோ பிரித்துக் கொடுக்கிறது. மலேசியா தென்கிழக்காசிய வட்டாரத்தில் அடங்குகிறது. தமிழ் டப்பிங்கோ இந்தியச் சந்தைக்கென்று, இந்திய வெளியீட்டுத் தேதியைக் குறிவைத்துச் செய்யப்படுகிறது. நிலத்தால் ஒரு கூடையிலும் மொழியால் இன்னொரு கூடையிலும் இருப்பவன் மலேசியத் தமிழ்ப் பிள்ளை. ஒப்பந்தத்தில் செல்லுபடியாவது நிலம் மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலேசியாவுக்குப் படம் முன்னதாகவே வந்துவிடுவதுதான் தமிழுக்கு இடைஞ்சலாகிறது. இந்திய வெளியீட்டிற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே இங்கே படம் ஓடத் தொடங்கியது. தமிழ் ஒலி சென்னையில் திரைக்கு வந்த நேரத்தில் இங்குள்ள ரசிகர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். பார்த்த படத்திற்கு இன்னொரு மொழியில் மீண்டும் அரங்கு ஒதுக்க எந்த அரங்க உரிமையாளரும் யோசிப்பார். ஜப்பானியக் குரலில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் ரசிகர்களும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் படிக்க வராத, முதலாம் இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இரண்டரை மணி நேரத்திற்கு வசன வரியைத் துரத்திக் கொண்டிருக்க முடியாது. கூட வரும் பாட்டியின் கண்ணுக்கும் அந்த வரிகள் எட்டாது. காதில் தமிழ் விழுந்தால் இருவரும் ஒரே படத்தை ஒன்றாகப் பார்ப்பார்கள்.

நம் நாட்டில் அனிமே டப்பிங் புதிதல்ல. ‘டோராஎமோன்’ பல்லாண்டுகளாக மலாய் பேசுகிறது. தோட்ட வரிசை வீடுகளில் வளர்ந்த பலருக்கு, பள்ளிக்கு வெளியே மலாய் காதில் புகுந்த வழிகளில் அந்த நீலப் பூனையும் ஒன்று. அதில் தவறேதும் இல்லை, தேசிய மொழி அப்படி இனிமையாக வந்து சேர்ந்தது நல்லதே. ஆனால் கேலி, சண்டை, சாகசம், அழுகை எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்க, தமிழ் மட்டும் வகுப்பறைக்கும் வழிபாட்டுக்கும் உரிய மொழியாக ஒதுங்கிவிட்டால், விளையாடும்போது பிள்ளைகள் எந்த மொழியில் கத்துவார்கள்? தமிழ்ப்பள்ளியின் ஓய்வுநேரத்தில் திடலோரம் ஐந்து நிமிடம் நின்று கேட்டால் தெரிந்துவிடும்.

தமிழில் அனிமே கேட்கும் வாய்ப்பைத் தொலைக்காட்சியும் இணையமும் திறந்துவிட்டன. சன் குழுமம் 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி, கார்ட்டூன் என்றால் தமிழிலும் இருக்கும் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியது. பின்னர் இந்தியாவின் சிறுவர் அலைவரிசைகளில் ‘போக்கிமோன்’, ‘நருட்டோ’, ‘டிராகன் பால் சூப்பர்’ ஆகியவை தமிழ் பேசின. சோனி நிறுவனம் 2021-இல் 117.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிய கிரஞ்சிரோல் தளம், ‘ஜுஜுட்சு கைசன்’, ‘சோலோ லெவலிங்’ போன்ற தொடர்களுக்குத் தமிழ் ஒலி சேர்த்தது. 2025 ஜனவரியில், ஜப்பானிய இயக்குநர் யூகோ சாக்கோ இந்தியக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய இராமாயண அனிமே படம் புதுப்பொலிவுடன் இந்தியத் திரைகளுக்கு வந்தபோது, தமிழிலும் வந்தது. அனிமே என்றால் பேய், வாள், இரத்தம் மட்டுமே என்று நினைக்கும் பெற்றோருக்குக் காட்ட அது நல்ல எடுத்துக்காட்டு.

ரசிகர்களின் இரண்டாவது கேள்வி: தமிழ் டப்பிங் உண்மையில் நன்றாக இருக்குமா, அல்லது பழைய கார்ட்டூன்களைப் போல ஒப்புக்குச் செய்ததா? தரம் தொடருக்குத் தொடர் மாறும். ஆனால் மொழியமைப்பு தமிழுக்குச் சாதகமாக இருக்கிறது. ஜப்பானியத்திலும் தமிழிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “உன்னை நான்…” என்று இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, “விடமாட்டேன்” என்று முடிப்பது இரு மொழிக்கும் இயல்பு. ஆங்கிலத்திலும் மலாயிலும் அந்த வினை முன்னால் வந்துவிடும், நிறுத்தத்தின் அழுத்தம் இடம் மாறிப்போகும். உறவுமுறையும் அப்படித்தான். ஜப்பானியத்தில் தங்கை அண்ணனைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. ஆங்கில டப்பிங் பல இடங்களில் அதைப் பெயராக்கிவிடுகிறது. தமிழில் “அண்ணா” என்ற ஒரு சொல் போதும். டான்ஜிரோவும் நெசுகோவும் அண்ணன் தங்கை என்பதே அந்தக் கதையின் உயிர்நாடி என்பதால் இது சின்ன விஷயமல்ல.

வீட்டில் பார்க்க என்ன வழி என்பது அடுத்தது. ஒரு தளம் இந்தியாவில் தமிழ் ஒலியோடு தரும் தொடர், மலேசியக் கணக்கில் அதே ஒலியோடு திறக்கும் என்று உறுதியில்லை. இங்கும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுதான். மாதச் சந்தா கட்டுமுன், பார்க்க நினைக்கும் தொடரின் பக்கத்தில் எந்தெந்த ஒலிமொழிகள் காட்டப்படுகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. யூடியூப்பில் மியூஸ் ஏசியா, மியூஸ் மலேசியா, அனி-ஒன் ஏசியா ஆகியவை உரிமை பெற்ற தொடர்களை இலவசமாகவே தருகின்றன. ஜப்பானிய ஒலியும் வசன வரிகளும் போதும் என்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

திருட்டுப் பிரதி பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் ஒலி கிடைக்காத ஏக்கத்தில் டெலிகிராம் குழுக்களையும் பாசார் மாலாமில் விற்கும் பெட்டிகளையும் நாடுவோர் உண்டு. 2022 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, உரிமையில்லாத ஒளிபரப்புக்கான கருவியை விற்பதற்கோ சேவையை வழங்குவதற்கோ 10,000 ரிங்கிட் முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டம் ஒருபுறமிருக்க, இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. திருட்டுப் பிரதியில் தமிழ் டப்பிங் பார்த்த ஆயிரம் பேர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மலேசியாவில் தமிழ் அனிமேக்குக் கூட்டம் உண்டா என்று வினியோகிப்பாளர் தேடும்போது அவர் கண்ணில் படுவது வெற்றிடம்தான்.

கூட்டம் இல்லை என்று சொல்லவும் முடியாது. இந்நாட்டில் ஏறக்குறைய 20 லட்சம் இந்தியர்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரஜினி, விஜய் படங்கள் சென்னையில் வெளியாகும் அதே நாளில் சுங்கை பட்டாணியிலும் திரையேறுகின்றன. லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் போன்ற நிறுவனங்கள் அந்தச் சந்தையை நம்பியே நிற்கின்றன. தமிழ்ப் படத்தைத் திரையிடும் வலையமைப்பும், அனிமே படத்தைக் கொண்டுவரும் வலையமைப்பும் இரு வேறு வாசல்களில் இருப்பதுதான் சிக்கல். ஒரு வாசலில் நிற்பவருக்கு மற்ற வாசலில் காத்திருப்பவர்களைத் தெரியாது.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். மக்கோட்டோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ படத்தைத் தங்கள் நாட்டில் வெளியிடும்படி இந்திய ரசிகர்கள் இணையத்தில் மனு தொடங்கினார்கள். 50,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2019 அக்டோபரில் படம் அங்கே திரைக்கு வந்தது. அப்போது தமிழ் டப்பிங் என்ற பேச்சே இல்லை. ஆறே ஆண்டுகளில் தமிழும் தெலுங்கும் பெரிய வெளியீட்டின் வழக்கமான மொழிகளாகிவிட்டன.

இங்கே கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. புதிதாகக் குரல் பதிவு செய்ய வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. இந்தியத் தமிழ் ஒலியை மலேசியாவிலும் பயன்படுத்தும் உரிமை, திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி, வார இறுதியில் இரண்டு மூன்று ஊர்களில் பகல் காட்சிக்கு ஓர் அரங்கு, இவ்வளவே. படம் வந்த பிறகு கேட்டால் பயனில்லை. வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்படும் முன்பே, சுவரொட்டியின் அடியில் பெயர் போட்டிருக்கும் உள்ளூர் வினியோகிப்பாளரிடமும் அரங்க நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் “எங்களுக்கு இத்தனை இருக்கை வேண்டும்” என்று எண்ணிக்கையோடு எழுதும் கடிதத்திற்கு, நூறு பின்னூட்டங்களைவிட மதிப்பு அதிகம்.

‘இன்ஃபினிட்டி காசல்’ மூன்று பாகங்களாகத் திட்டமிடப்பட்ட கதை. ஆகஸ்டில் வந்தது முதல் பாகம் மட்டுமே.