படியில் குறைத்தால் களவு, வீட்டில் குறைத்தால் வணிகமா?

மதீனாவின் கடைத்தெருவில் குவித்து வைத்திருந்த தானியத்துள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்றுவிடுகின்றனர். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா, வாங்குவோர் கண்டிருப்பார்களே என்று கேட்டார்கள் அண்ணலார். அந்த வணிகர் படியைக் குறைத்தார் என்றோ, விலையைக் கூட்டினார் என்றோ அந்நிகழ்ச்சியில் இல்லை. பார்வைக்கு வைத்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. குற்றம் அவ்வளவே.

சென்ற மாதம் ஆவடியில் ஒரு நிக்காஹ் பந்தியில் அமர்ந்திருந்தபோது எனக்கு அந்தத் தானியக் குவியல் நினைவுக்கு வந்தது. எதிரே அமர்ந்திருந்த ஹாஜியார், நான் மதிக்கும் பெரியவர், என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "தம்பி, நம்ம ஆளு மேலேயே கேஸ் போடப் போறீங்களாமே? ஐம்பது அடிக்காகவா? கொஞ்சம் ஸபூர் செய்யுங்க. பள்ளிவாசலுக்கு அவர் எவ்வளவு செஞ்சிருக்கார்!"

அந்தப் பெரியவருக்கு அங்கே நான் விடை சொல்லவில்லை. பிறர் வீட்டு மகிழ்ச்சியில் வழக்குரைப்பது பண்பன்று. இங்கே சொல்கிறேன்.

என் தங்கை கணவர் தம்மாமில் பதினாறு ஆண்டுகளாக உழைப்பவர். ஆவடியை அடுத்து எழும்பிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்கினார். விளம்பரத் தாளில் 1,050 சதுர அடி. சதுர அடி 5,200 ரூபாய். ஆக 54 லட்சத்து 60 ஆயிரம். விடுமுறையில் வந்தபோது சாவியைப் பெற்று, ஓர் அளவு நாடாவோடு உள்ளே சென்றோம். உடன்படிக்கையின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில், 'கார்ப்பெட் ஏரியா 742 சதுர அடி' என்றிருந்தது. மூன்று முறை அளந்தும் எங்களுக்குக் கிடைத்தது 689.

இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. 1,050 என்பது 742 ஆனது முதற்குறை. அது வாய்ச்சாலத்தின் வேலை. படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி, காவலாளியின் அறை ஆகிய எல்லாவற்றிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கை ஏற்றி, அதற்குச் 'சூப்பர் பில்ட்-அப்' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரையறை இல்லை. ஒருவர் இருபது விழுக்காடு ஏற்றுவார், மற்றொருவர் முப்பத்தைந்து. இந்த மாயப் படியை ஒழிக்கத்தான் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் 'ரெரா' என்றழைக்கும் சட்டம், கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்தது: வீட்டினுள் உண்மையில் புழங்கக்கூடிய தரைப்பரப்பு. உள்தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர்களும் பால்கனியும் திறந்த மாடியும் சேரா. 2017 மே முதல் நாளிலிருந்து சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் விளம்பரப் பலகைகள் இன்றும் பழைய படியிலேயே பேசுகின்றன.

742 என்பது 689 ஆனது இரண்டாவது குறை. இதில் வாய்ச்சாலத்துக்கும் இடமில்லை. எழுத்தில் கொடுத்ததையே கொடுக்கவில்லை. கட்டுநரின் பொறியாளர் சிரித்துக்கொண்டே, "அது பூச்சு வேலையில் போயிருக்கும் சார்" என்றார். கணக்கைப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், நான்கு சுவரிலும் அரை அங்குலம் பூசினால், நீளத்தில் ஓர் அங்குலமும் அகலத்தில் ஓர் அங்குலமும் குறையும். 120 சதுர அடி, 118க்குச் சற்று மேலாக நிற்கும். ஓர் அறைக்கு இரண்டு சதுர அடிகூடப் போகவில்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் எல்லா அறைகளையும் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு. மீதி நாற்பது சதுர அடியை எந்தக் கொத்தனார் தின்றார்?

53 சதுர அடி ஹாஜியாருக்கு அற்பமாகத் தோன்றியது. உள்ளளவால் வகுத்தால் என் மச்சான் சதுர அடிக்குக் கொடுத்தது 7,358 ரூபாய். 53 சதுர அடியின் விலை 3 லட்சத்து 90 ஆயிரம். ஆறு முஸல்லாக்களை விரிக்கும் இடம் அது. அத்தெருவின் அரிசிக் கடைக்காரர் கிலோவுக்கு எழுபது கிராம் குறைத்து நிறுத்தால் மறுநாள் அவர் கடைப்படியை எவரும் மிதியார். இங்கே குறைந்திருப்பதும் ஏறத்தாழ அதே விகிதம்தான். ஆனால் இதைச் செய்தவர் பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்.

ஸபூர் என்கிறார்கள். மார்க்கம் கற்பிக்கும் பொறுமை, இறைவன் தரும் சோதனையைத் தாங்குவதற்கு உரியது. அடுத்தவன் கை நம் பைக்குள் இருக்கும்போது பொறுத்திருக்கச் சொன்னதாக எந்த ஆலிமும் எனக்கு ஓதிக் காட்டியதில்லை. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயராலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்திருக்கிறது: முதஃப்பிஃபீன். பண்டைய முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி கடைதோறும் சென்று படியையும் எடைக்கல்லையும் சோதித்தார். தமிழகத்திலும், நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலேயே கல்லில் பொறித்து வைத்தார்கள்; ஐயமுள்ள எவனும் தன் கோலைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். அளவை ஊரறிய வைத்தவர்களின் வழிவந்த நாம், அளவு கேட்பதை மானக்கேடு என்கிறோம்!

ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்தில் இத்தகைய மோசடிக்கு இடம் குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்தவர்கள் அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ மனையாக வாங்கினார்கள். கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி என்பது குழந்தைக்கும் தெரியும். சங்கிலி பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்ட பிறகே பணம் கைமாறிற்று. அடுக்குமாடியில் நாம் வாங்குவது இன்னும் பிறவாத வீட்டை. காகிதத்தில் வாங்கி, காற்றில் காசைக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கண்ணால் காண்கிறோம். இன்னும் உருவாகாத பொருளைச் செய்து தரச் சொல்லி வாங்குவதை ஃபிக்ஹு நூல்கள் இஸ்திஸ்னா என்று பேசுகின்றன. பொருளின் அளவும் தன்மையும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் வைத்த நிபந்தனை. காணாத பொருளில் அளவு ஒன்றே வாங்குபவனின் கையிருப்பு.

இந்த இடத்தில் நம் குடும்பங்களின் பலவீனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடன் வாங்காதவர் நம்மில் பலர். சபுராளி அனுப்பிய பணம், உம்மாவின் நகை, ஊரில் விற்ற தென்னந்தோப்பு என்று முழுத் தொகையையும் கையிலிருந்தே கட்டுகிறோம். பேணுதலுக்குரிய வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி, தன் பணத்தைக் காக்க, வழக்கறிஞரைக் கொண்டு பத்திரத்தையும் பொறியாளரைக் கொண்டு கட்டடத்தையும் பார்க்கச் செய்கிறது. நமக்கு அந்த வேலையை எவரும் செய்வதில்லை. 'நம்ம ஆளு' என்ற ஒரு சொல் வழக்கறிஞராகவும் பொறியாளராகவும் ஆகிவிடுகிறது. உடன்படிக்கையைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. என் மச்சான் பாதியை வெறும் ரசீதின் மேல் கொடுத்திருந்தார். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரசீதைக் கொண்டுபோய்க் கட்டியவன் நானே.

மற்றொரு குறைப்பும் உண்டு. நாடாவால் அதை அளக்க முடியாது. சென்னை வழக்கத்தில் அடுக்குமாடி வாங்குபவருக்கு நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் ஒன்று எழுதிக் கொடுக்கப்படும், 'யூ.டி.எஸ்.' என்பார்கள். எல்லா வீட்டுப் பாகங்களையும் கூட்டினால், சாலைக்கும் திறந்தவெளிக்கும் ஒப்படைத்தது போக மீதி நிலம் முழுவதும் கணக்கில் வரவேண்டும். வராவிட்டால், மீதம் கட்டுநரின் பெயரில் தூங்குகிறது என்று பொருள். இன்றைக்கு அது வலிக்காது. முப்பது நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடம் தளர்ந்து, இடித்துக் கட்டும் நாள் வரும்போதுதான் வலிக்கும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் புதிதாகக் கட்ட வழி விட்டிருக்கிறது. அன்று சுவர் மண்ணாகிவிடும், நிலப்பாகமே சொத்து. பேரப்பிள்ளைகள் அன்று பத்திரத்தை விரித்துப் படிப்பார்கள்.

"கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே" என்பது அடுத்த வாதம். போட்டோம். எழுபது பக்க உடன்படிக்கையில், எங்கள் தவணை தாமதித்தால் இன்ன வட்டி, அவர் வீடு தாமதித்தால் சதுர அடிக்குச் சில ரூபாய் என்றிருந்ததிலும் போட்டோம். 2019 ஏப்ரலில் பயனியர் அர்பன் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டுநர் தன் பக்கமே சாய்த்து எழுதிய ஒப்பந்தத்தால் வாங்கியவரைக் கட்ட முடியாது. அப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சேர்ப்பது நேர்மையற்ற வணிகமுறை என்று கூறியது. சாவியை வாங்கிவிட்டால் வாய் மூடிவிட வேண்டும் என்பதும் உண்மையன்று. பெங்களூரில் 339 வீட்டுக்காரர்கள் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் மீது தொடுத்த வழக்கில், வீட்டை ஏற்றுக்கொண்டதனாலேயே இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று 2020 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அளவைப் பற்றிய வழக்கு ஒன்றும் உண்டு. அது நமக்கு இனிப்பும் கசப்பும் சேர்ந்தது. குருகிராமில் எக்ஸ்பீரியன் டெவலப்பர்ஸ் என்ற நிறுவனம், வீட்டை ஒப்படைக்கும் நேரத்தில் விற்பனைப் பரப்பு கூடிவிட்டதென்று சொல்லி மேலும் பணம் வாங்கியது. 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கூடுதலுக்குக் கணக்குக் காட்டவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. அதே கட்டடத்தின் வேறு வீட்டுக்காரர்களுக்கும் அத்தீர்ப்பைக் காட்டி ஆணையம் ஆணையிட்டபோது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தித் திருப்பி அனுப்பியது. ஒருவர் வழக்கின் முடிவை மற்றவர் வழக்கின் மேல் அப்படியே ஒட்ட முடியாது. பரப்பு கூடியதா இல்லையா என்பதை அந்தந்த வழக்கின் சான்றுகளைக் கொண்டு ஆராய வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்த வீட்டுக்காரன் வென்றால் நமக்கும் வந்துவிடும் என்று பாயில் சாய்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் அளந்து, தேதியிட்டு, கையொப்பமிட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஏமாந்தவருக்கு ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. விலகிக்கொள்ள விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். முறையீட்டைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுக்கலாம்; நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே இரண்டு ஆண்டுக் கெடு. ஒரே குறையுடையவர்கள் கூடி ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். எழுதுவதைப்போல் நடப்பது எளிதன்று. வாய்தாக்கள் நீளும், ஆணை வந்த பிறகும் பணத்தை வசூலிக்க அலைய வேண்டியிருக்கும். இதை மறைத்து எவரையும் வழக்குக்கு இழுக்க நான் விரும்பவில்லை.

ஆனால் கட்டுநர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை இந்த மூன்று மாதத்தில் கண்டுகொண்டேன். ஒரு வீட்டுக்காரர் தனியே சென்றபோது தேநீர் கிடைத்தது. இருவர் சென்றபோது, "உங்களுக்கு மட்டும் ஒரு லட்சம் தருகிறேன், மற்றவரிடம் சொல்ல வேண்டாம்" என்ற சலுகை கிடைத்தது. பதினோரு வீட்டார் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய மறுவாரம், ஹாஜியார் என் தோளைத் தொட்டார்.

ஹாஜியாருக்கு என் மறுமொழி இதுதான். சமுதாயத்தின் மானம் காக்க வேண்டுமானால், வீடு கேட்டவர்களிடம் வராதீர்கள். வீடு குறைத்தவரிடம் போங்கள். ஜமாஅத் அலுவலகத்தில் அமர்த்தி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். அவர் அளவு சரியென்றால் எங்கள் நாடா பொய். எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறோம். பள்ளிவாசலுக்கு அவர் கொடுத்ததைச் சொன்னீர்கள். அதில் என் மச்சானின் 53 சதுர அடி எவ்வளவு இருந்தது என்பதையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

முதல் தளத்தில் ஏழு வீடுகளை அளந்து முடித்துவிட்டோம். குறைவு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் ஒரே அளவாக இல்லை, நாற்பத்தொன்றிலிருந்து அறுபது வரை. வரும் ஞாயிறு லுஹருக்குப் பின் இரண்டாம் தளம். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். ஹாஜியார் வந்தால் நாற்காலி போட்டு வைக்கிறோம்.